தம்பின் கோர்ட்டுக்கு வந்த முனியாண்டி எல்லை

என்னைப் பார்க்க வரும் இளசுகள் எல்லாரும் முதலில் கேட்பது, “ஆன்ட்டி, உங்களுக்குப் பயமா இல்லையா?” என்பதுதான். திருட்டு, சம்சு என்கிற மலிவுச் சாராயம், வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகள், ஜெயிலிலிருந்து திரும்பிய அப்பன்கள் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களை மோட்டார் சைக்கிளிலேயே சுற்றி வந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான். மனிதர்களுக்கு நான் பயந்ததில்லை. நாய்க்குத்தான் பயம். அதிலும் ஒரு நாயிடம் சட்டப்படியே தோற்றிருக்கிறேன்.

சமூகநல இலாகாவில் இப்போது வேலை பார்க்கும் கவிதா போன மாதம் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட சட்டத்தை மறுபடியும் மாற்றிவிட்டார்களாம். பழைய பிரிவு எண்களை எல்லாம் மறந்துவிட்டுப் புதியதை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாளாம். “உங்க காலத்துல கம்ப்யூட்டர் கூட இல்ல. ரிப்போர்ட்ட எப்படித்தான் எழுதுனீங்க?” என்று கேட்டாள். “கையாலதான் எழுதினோம். அதுக்கு முன்னால காலால நடந்தோம்” என்றேன். “அத அப்படியே எழுதிக் குடுங்க, புதுசா வந்த பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்” என்று ஒரு பொட்டலம் வடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வடை நன்றாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக்கு நன்னடத்தை அதிகாரி என்று பெயர். குற்றம் செய்ததாகப் பிடிபட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் விசாரித்து, சிறார் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கையைப் படித்துத்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். தோட்டத்துச் சனங்களுக்கு இந்தப் பெயர் எல்லாம் வாயில் நுழையாது. நான் அவர்களுக்கு ‘வெல்ஃபேர் மிஸ்ஸி’.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். ரப்பர்த் தோட்டத்தை அவர் பார்த்தது ரயில் ஜன்னல் வழியாக மட்டும்தான். எத்தனை வயது வரை சட்டத்தில் பிள்ளை, எத்தனை வயது வரை இளையோர் என்பதில் நான் நல்ல மார்க் வாங்கித் தேறினேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் நுழையும்போது யாரை முதலில் கும்பிடுவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

நாய்க் கதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. கோலா கிளாவாங் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோட்டம். சாயங்காலமானால் அப்பன்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைக் கள்ளுக்கடைக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளிடம் கள்ளைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். நான் கள்ளுக்கடைக்காரரிடம் போய்ச் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். லைசென்ஸ் போய்விடும் என்று விரலையும் ஆட்டினேன். அவர் தங்கமான மனிதர். “இனிமே ஒரு புள்ள கையிலயும் குடுக்க மாட்டேன், மிஸ்ஸி” என்று சத்தியம் செய்தார். அடுத்த முறை போனபோது கடை வாசலில் ஒரு கறுப்பு நாய் வாயில் தூக்குச்சட்டியைக் கவ்விக்கொண்டு வரிசையில் நிற்கிறது. அதன் கழுத்துப் பட்டையில் காசு. கடைக்காரர் கள்ளை ஊற்றி மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னார்: “சட்டத்துல நாயப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே, மிஸ்ஸி.”

நாய் என்னைப் பார்த்து உறுமிவிட்டு நேராக வீட்டுக்குப் போனது. வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சிரம்பான் ஆபீசுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது எங்கள் மேலதிகாரி என்சிக் ஜைனால் சிரிக்கவே இல்லை. “பிள்ளைகள் இப்போது போவதில்லை அல்லவா?” என்று கேட்டார். “போவதில்லை” என்றேன். “அப்படியானால் சட்டம் ஜெயித்துவிட்டது. நாயை விடு” என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெம்பாவ் பக்கத்து மலாய்க்காரர். ஒல்லி, உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறிக்கையை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் ஓரமாக நின்றபடி சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, “நம்பாக் அத்தாவ் டெங்கார்?” என்பார். பார்த்ததா, கேட்டதா? அவ்வளவுதான். ‘இந்தக் குடும்பத்தில் ஒழுக்கம் இல்லை’ என்று ஒருமுறை எழுதியிருந்தேன். “நம்பாக் அத்தாவ் டெங்கார்?” என்றார். நான் பார்க்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. நானாக நினைத்துக்கொண்டது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அதே அமைதியோடு அடுத்ததை வாசித்தார். அன்றைக்கு அவர் இரண்டு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது.

அவர் வகுத்த முறை இது. தோட்டத்துக்குப் போனால் நேராக வீட்டுக்குள் நுழையக் கூடாது. முதலில் லயத்தை ஒரு சுற்று நடந்து வர வேண்டும். வந்திருப்பது யார் என்று சனங்கள் நம்மைப் பார்த்து முடிக்கட்டும். பிறகு வாசல் வழியாகப் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். தண்ணீர் எடுக்கப் போகும்போது அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையிடம் முதலில் பேச வேண்டும், பெற்றவர்களிடம் அடுத்து, அக்கம்பக்கத்தில் கடைசியாக. கண்ணால் பார்த்ததைப் பேனாவால் குறிக்க வேண்டும், காதால் கேட்டதைப் பென்சிலால். ஆபீசுக்கு வந்ததும், இன்னொருவர் வாயால் உறுதியாகாத பென்சில் வரிகளை ரப்பரால் அழித்துவிடுவார். முதல் வருடத்தில் என் அறிக்கைகளில் எழுத்தைவிட ரப்பர்த் தூள்தான் அதிகம்.

இனி நாவமரத்துத் தோட்டத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். லயத்து முனையில் நின்ற நாவல் மரத்தை வைத்துச் சனங்கள் இப்படிக் கூப்பிட்டார்கள். தம்பினிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் கடைசித் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது.

கஸ்தம் என்கிற சுங்க இலாகா அதிகாரிகள் அங்கே ஒரு வீட்டில் சோதனை போட்டு, விறகுக்குப் பின்னால் கள்ளச் சம்சுப் போத்தல்கள் இருந்ததைப் பிடித்தார்கள். வீடு அஞ்சலையம்மாள் என்ற ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பெண்ணுடையது. புருஷன் இறந்து சில வருடமாகியிருந்தது. “யாருடையது?” என்று அதிகாரி கேட்டதும் அவருடைய மகள் பார்வதி, பதினாலு வயது, முன்னால் வந்து நின்று, “என்னோடதுதான். நான்தான் விக்கிறேன்” என்றிருக்கிறாள். அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோர்ட்டிலும் அதையே சொன்னாள். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்பது சிறார் நீதிமன்ற விதி. தாய் வரவில்லை. தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் வேலப்பன் என்பவர் போய் ஜாமீன் எடுத்தார். மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம். பிள்ளையைச் சம்சு விற்க விட்டுவிட்டு, கோர்ட்டுக்கும் வராத தாய் எப்படிப்பட்டவள்? அடுத்த தவணைக்கு அறிக்கை வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. தாய் இரண்டாவது முறையும் வராவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சீர்திருத்தப் பள்ளி, மூன்று வருடம்.

முறைப்படி லயத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கே பார்த்தாலும் வேப்பிலைத் தோரணம். முனியாண்டிக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அஞ்சலையம்மாள் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அடுப்படி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசனை. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பார்வதிதான் வாயாடி. ஜீப்பில் போனதை ஏதோ சுற்றுலாப் போனது போலச் சொன்னாள். “போலிஸ் ஸ்டேசன்ல மைலோ குடுத்தாங்க, மிஸ்ஸி. சீனி கூட.”

“நீதான் வித்தியா?”

“நான்தான்.”

“யார் யாருக்கு?”

“கேக்குறவங்களுக்கு.”

“போத்தல் எவ்வளவு?”

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை போல. கூரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு துணிச்சலாக, “அஞ்சு காசு” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் தாங்க முடியாமல் கேட்டது: “அஞ்சு காசுக்கா? அடிப்பாவி, எங்ககிட்டச் சொல்லவே இல்லியே!”

லயமே சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் சிரித்துவிட்டேன். அஞ்சலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். முதல் வீட்டம்மா, “பார்வதி அறியாத புள்ள, தெரியாம செஞ்சிருச்சி, கோர்ட்டார் பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்” என்றார். இரண்டாவது வீட்டம்மாவும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார். மூன்றாவது வீட்டில் ஒரு தாத்தா பாதியில் மறந்துபோய், “அப்புறம் என்னாலா?” என்று மருமகளைக் கேட்டார். மருமகள் உள்ளேயிருந்து, “பெரிய மனசு!” என்று எடுத்துக் கொடுத்தாள். பென்சிலால் ஒருமுறை எழுதியதோடு சரி. மற்ற வீடுகளுக்கு ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டேன்.

அஞ்சலையம்மாளைத் தனியாகப் பேச வைக்க வேண்டும். என்னோடு ஆபீசுக்கு வந்து ஒரு வாக்குமூலம் கொடுங்கள், வண்டியிலேயே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். சாலை வரை தலையாட்டிக்கொண்டே கூட நடந்து வந்தார். லயத்து முடிவில் ஒரு சிறிய மதகு. அதற்கு மேலே வேப்பிலைத் தோரணம், கீழே அறுத்து வைத்த எலுமிச்சம்பழம், குங்குமம். அங்கே வந்ததும் நின்றுவிட்டார். “வாங்க” என்றேன். அசையவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். அப்போதும் அசையவில்லை. வலது கையை முன்னால் நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் துணி, அதில் முடிந்த மஞ்சள் கிழங்கு.

“காப்புக் கட்டியிருக்கேன், மிஸ்ஸி. சாமி மலையேறுற வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாது.”

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. அந்தத் தோட்டத்தில் முனியாண்டி படையலை வருடத்துக்கு ஒரு வீடு முறைவைத்துச் செய்யும். படையல் வீட்டில் ஒருவர் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். படையலுக்கு வேண்டிய சுருட்டு, கோழி, சாராயம் எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கும். இந்த வருடம் அஞ்சலையம்மாள் முறை. போத்தல்கள் சாமிக்கு வாங்கி வைத்தவை. கடையில் வாங்கினால் விலை அதிகம் என்று யாரோ காட்டுப் பக்கமிருந்து கள்ளச் சம்சுவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். கஸ்தம் வந்து கேட்டபோது ‘என்னுடையது’ என்று சொன்னால் இந்த அம்மா ஜீப்பில் ஏற வேண்டும். எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் லயத்துக்கே ஆகாது என்று நம்பினார்கள். அவர் வாயடைத்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் மகள் முந்திக்கொண்டாள்.

“மண்டோரு கூடச் சொன்னாரு, சின்னப் புள்ளைக்கு ஜெயில் இல்ல, சாயங்காலமே விட்டுடுவாங்கன்னு.”

“ஜெயில் இல்லம்மா. ஸ்கூலுதான். ஆனா கதவ வெளிய இருந்து பூட்டுவாங்க. மூணு வருசம்.”

அஞ்சலையம்மாள் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. சம்சு வைத்திருந்ததாகப் பெரியவர் ஒருவர் ஒப்புக்கொண்டால், முதல் தடவை என்பதால் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். அதே குற்றத்தைப் பிள்ளை ஒப்புக்கொண்டால், பிள்ளையைத் திருத்துகிறேன் என்று சட்டம் மூன்று வருடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம்தான். இந்த மதகுக்கு இந்தப் பக்கம் அது யாருக்கும் தெரியாது.

மண்டோர் வேலப்பன் ஓடி வந்தார். அறுபதை நெருங்கியவர், பெரிய மீசை. தோட்டத்துக் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். “ஸ்கூலா? அப்ப நல்லதுதானே, மிஸ்ஸி. பீஸு கட்டணுமா?” என்றார். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல மீசை மெல்லத் தொங்கியது. “சொன்னத மாத்துனா அதுக்குத் தனிக் கேஸு போடுவாங்களேன்னுதான், எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லச் சொன்னேன்” என்றார். பாடம் நடத்தின வாத்தியார் அவர்தான் என்று தெரிந்தது.

அடுத்த தவணை திருவிழாவுக்கு நடுவில் விழுந்திருந்தது. தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப்பார்த்தேன். மாஜிஸ்திரேட்டின் கோபம் இன்னும் ஆறவில்லை, முடியாது என்று பதில் வந்தது. அஞ்சலையம்மாள் எல்லையைத் தாண்டினால் லயம் அவரை மன்னிக்காது. தாண்டாவிட்டால் பெண் போய்விடுவாள்.

சிரம்பானில் என்சிக் ஜைனால் ஜன்னல் ஓரம் நின்று வாசித்தார். ‘தாய் மதகைத் தாண்ட மறுத்தார்.’ “நம்பாக் அத்தாவ் டெங்கார்?”

“நம்பாக், துவான்.” பார்த்ததுதான், ஐயா.

காப்பைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார், அல்லது மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அறிக்கையை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, “இது அவர்களுடைய அடாட்” என்றார். அடாட் என்றால் வழிவழியாக வந்த வழக்கம். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களுக்கு அது உயிர் மாதிரி. நிலம், கல்யாணம், தலைவர் எல்லாம் அதன்படிதான். “அடாட்டை நீயும் நானும் உடைக்க முடியாது. கோர்ட்டும் உடைக்க முடியாது. அதைக் கட்டியவர்தான் வழி சொல்ல வேண்டும். எல்லையைக் கட்டியது யார்?”

“பூசாரி.”

“அப்படியானால் நீ ஏன் என்னிடம் நிற்கிறாய்?”

மறுநாளே மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். வேலப்பன் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். “எல்லைய நீங்கதான கட்டுனீங்க, மண்டோரே? நீங்க கட்டுனத நீங்க கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியாதா?” என்று கேட்டேன்.

விளக்குமாற்றைக் கீழே போட்டார். “எம்புட்டுத் தூரம்?”

“தம்பின் கோர்ட்டு வரைக்கும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் யாரு சொல்றதுக்கு? சாமியக் கேக்கணும்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். பார்வதியும் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாய் அடங்கிப்போயிருந்தது. “மூணு வருசம்னா நான் வர்றப்ப எங்கம்மா என்னிய அடையாளம் கண்டுக்குமா, மிஸ்ஸி?” என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். நான் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. நெற்றி நிறையத் திருநீறு. “உத்தரவு ஆயிருச்சி” என்றார் வேலப்பன்.

“எப்படிச் சொன்னாரு?”

“அதெல்லாம் உங்க ரிப்போர்ட்ல எழுதக் கூடாது.”

எழுதவில்லை. பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. எந்த மையில் எழுதுவது?

தவணை நாள் காலையில் தோட்டத்து லாரி புறப்பட்டது. நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். லாரியின் பின்பக்கம் வேலப்பன் ஒரு கையில் தாம்பாளம் நிறைய எலுமிச்சம்பழம், மறுகையில் வேப்பங்குழையோடு நின்றார். சாலை பிரியும் இடத்திலெல்லாம் லாரியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஒரு பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டு ஏறினார். தம்பின் பாசார் முனையில் வைத்த பழத்தை, காய்கறி வாங்க வந்த ஒரு சீனத்து அம்மா எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டார். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் ஐயோ என்று கத்தினார்கள். எல்லையில் ஓட்டை விழுந்துவிட்டதே! வேலப்பன் திரும்ப ஓடி வேறு பழத்தை வைத்தார். கேட்டுத் திரும்ப வாங்கவில்லை. “அவங்களுக்கும் சாமி நல்லது செய்யட்டும்லா” என்றார்.

கோர்ட்டு வாசலில் காவலுக்கு நின்ற போலிஸ்காரர் தாம்பாளத்தைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. என்சிக் ஜைனால். எந்த வழக்குக்கும் கோர்ட்டுப் படியேறாத மனிதர் அன்றைக்குச் சிரம்பானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். போலிஸ்காரரின் காதில் ஏதோ சொன்னார். ‘அடாட்’ என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. போலிஸ்காரர் ஒதுங்கி நின்றார். வேலப்பன் கட்டடத்தைச் சுற்றி மூலைக்கு ஒரு பழம் வைத்துவிட்டு வந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, “வா தாயி, எல்லைக்குள்ளதான் இருக்க” என்றார். அஞ்சலையம்மாள் லாரியிலிருந்து இறங்கி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

சிறார் நீதிமன்றம் சின்ன அறை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. மாஜிஸ்திரேட், அவருக்கு இரண்டு பக்கமும் ஆலோசகர்கள், அதில் ஒருவர் பெண். மாஜிஸ்திரேட் என் அறிக்கையைப் புரட்டினார். அஞ்சு காசு வந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். உதடு லேசாகத் துடித்தது. பிறகு தாயைப் பார்த்தார்.

“சரக்கு சாமிக்கு வாங்குனதுங்க. வச்சிருந்தது நானு. இந்தப் புள்ளைக்கு அதோட வெல கூடத் தெரியாது. என்னிய என்ன செய்யணுமோ செய்ங்க. எம் புள்ளைய விட்டுருங்க” என்றார் அஞ்சலையம்மாள்.  நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

பெண் ஆலோசகர் கேட்டார், “போன தடவை ஏன் வரவில்லை?”

அஞ்சலையம்மாள் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் திணறித் திணறி அதை இங்கிலீஷில் சொன்னார்.

“இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?”

“சாமி எல்லைய இங்க வரைக்கும் கொண்டாந்துட்டாருங்க.”

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். “அப்படியானால் நானும் இப்போது உங்கள் சாமியின் எல்லைக்குள்தான் இருக்கிறேனா?”

“ஆமாங்க ஐயா. பயப்படாதீங்க.”

மொழிபெயர்ப்பாளர் கடைசிச் சொல்லை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேசைமேல் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கஸ்தம் தரப்பு அதிகாரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு மாஜிஸ்திரேட் பார்வதியிடம் கண்டிப்பாகவே ஒன்று சொன்னார். அம்மாவைக் காப்பாற்றவும் பொய் சொல்லாதே, கோர்ட்டு அதை நம்பிவிடும். பார்வதி தலையை ஆட்டினாள். அவள் மீதிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கஸ்தம் அதிகாரி சொன்னார். அவ்வளவுதான். பெண் வீட்டுக்குப் போகலாம்.

தாய்மீது பிறகு வழக்குப் போட்டார்கள், அபராதம் விதித்தார்கள். திருவிழா உண்டியலிலிருந்து கட்டினார்கள். சாமி சரக்குக்குச் சாமிதானே பொறுப்பு என்றார் வேலப்பன். அந்த வருடம் முனியாண்டிக்கு லைசென்ஸ் உள்ள கள்ளைத்தான் படைத்தார்கள். அதற்கும் சாமி ஒன்றும் சொல்லவில்லை. படையல் கோழி எனக்கும் ஒரு பங்கு வந்தது. கோழியைப் பற்றிக் கவிதாவிடம் சொல்ல வேண்டாம். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று புதிய விதி இருக்கிறதாம்.

அன்றைக்குக் கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் பார்வதி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு லாரிவரை கையை விடவே இல்லை. சனங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு ஏறினார்கள். வேலப்பன் மட்டும் பின்தங்கினார். போலிஸ்காரர் மூலையிலிருந்த பழத்தைக் காட்டி, எடுத்துவிடலாமா என்று சைகையில் கேட்டார். நானும், “எடுத்திரலாமா, மண்டோரே?” என்றேன்.

அவர் வராந்தா பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பள்ளிக்கூட யூனிபாரம் போட்ட பெண் பிள்ளையை ஒட்டி உட்கார்ந்து, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார். முந்தானை வாயில். கண்ணில் எங்களுக்குத் தெரிந்த அதே பயம்.

“வேணாம் மிஸ்ஸி. எல்ல இங்கியே இருக்கட்டும். இந்தப் படியில இன்னும் எத்தன புள்ளைங்க ஏறப் போவுதுங்களோ” என்றார். தாம்பாளத்தில் மிச்சமிருந்த ஒற்றைப் பழத்தை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

நான் போய் அந்தப் பெண் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த கேஸும் என்னுடையதுதான்.